புதுச்சேரியில் தனியாக பீபாப் சாக்ஸ் பழகியது: எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாதவை

புதுச்சேரியிலும் கடலூரிலும் சாக்ஸபோன் புதிய வாத்தியம் இல்லை. கல்யாண பேண்ட் செட்டில் இருக்கிறது, சர்ச்சில் இருக்கிறது, கத்ரி கோபால்நாத் புண்ணியத்தில் கச்சேரி மேடையிலும் ஏறிவிட்டது. ஆனால் சார்லி பார்க்கர் வாசித்ததை ஒரு ஸ்வரம் விடாமல் எடுத்து வாசிக்க வேண்டும் என்று இங்கே ஒருவர் ஆசைப்பட்டால், பக்கத்தில் உட்கார்ந்து திருத்த ஆள் கிடைப்பது கஷ்டம். எனக்குக் கிடைக்கவில்லை. ரெயின்போ நகரில் ஒரு வாடகை வீட்டின் பின்னறையில், வேலை முடிந்து வந்த பிறகு, தனியாகவே பழகினேன். இரண்டு வருடத்துக்கு மேல் போனது. வாத்தியம் வாங்கிய காசைச் சேர்க்காமல், வீணாகப் போனது மட்டும் ₹36,000க்கு மேல். பணத்தைவிட அதிகம் வலித்தது வேறு. ஏதோ சரியில்லை என்று காது சொல்லும். தப்பு வாத்தியத்திலா, தாளிலா, ஒலிப்பதிவிலா, என்னிடமா என்று சொல்ல ஆள் இருக்காது. அப்படிப்பட்ட நேரத்தில் மனசு எப்போதும் நம்மைத்தான் குற்றம் சொல்லும். இப்போது எங்கோ ஒரு அறையில் அதே நிலையில் இருக்கிறவருக்காக இதை எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பீபாப் என்பது 1940களில் நியூயார்க்கில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லஸ்பி போன்றவர்கள் உருவாக்கிய ஜாஸ் பாணி. வேகம் அதிகம், அடியில் கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) மாறிக்கொண்டே இருக்கும், மேலே வாசிப்பவர் அந்த மாற்றத்துக்கு ஏற்ப அந்தக் கணத்தில் கற்பனை செய்து வாசிப்பார். அந்த வாசிப்பை ரெக்கார்டிலிருந்து கேட்டு எழுதி எடுப்பதுதான் ட்ரான்ஸ்கிரிப்ஷன். நம் ஊரில் பெரிய வித்வானின் ஆலாபனையைப் பிடித்துப் பாடிப் பழகுவதில்லையா, அதே வேலை. பார்க்கரே அப்படித்தான் வளர்ந்தார். 1937 கோடையில் ஓசார்க் மலைப்பகுதிக்கு வாசிக்கப் போனபோது, லெஸ்டர் யங் என்ற மூத்த சாக்ஸ் கலைஞரின் தனி வாசிப்புகளை ரெக்கார்டிலிருந்து மனப்பாடமாக எடுத்தார். அப்போது அவருக்கு 17 வயதுகூட ஆகவில்லை. லெஸ்டர் வாசித்தது டெனர் என்ற பெரிய சாக்ஸ், பார்க்கர் கையில் இருந்தது அதைவிடச் சின்ன ஆல்ட்டோ. இதைப் படித்த அன்றே எனக்கும் ஆசை பிடித்துவிட்டது. சின்ன வயதில் நாலைந்து வருடம் வாய்ப்பாட்டு கற்றிருந்தேன். ஸ்வர ஞானம் கொஞ்சம் இருக்கிறது, பிடித்துவிடலாம் என்று நம்பினேன்.

பழைய ஆல்ட்டோ சாக்ஸ் ஒன்றை ₹42,000 கொடுத்து வாங்கினேன். விற்றவர் வாசித்துக் காட்டினார், நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து வாசித்தால் நடு ஸ்தாயி வருகிறது. கீழே டி, சி, பி என்ற மேற்கத்திய ஸ்வரங்களுக்கு இறங்க இறங்க ஒலி குழறுகிறது, சில சமயம் ஒரு ஸ்தாயி மேலே துள்ளிவிடுகிறது. மூச்சு போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். காலையில் பிராணாயாமம், இரவில் நீண்ட ஸ்வரப் பயிற்சி, மவுத்பீஸில் பொருத்தும் நாணல் பட்டையான ரீடிலும் மெல்லியது, தடித்தது என்று எல்லாம் மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு சாவியையும் பலம் கொண்ட மட்டும் அழுத்தினால் கொஞ்சம் வந்தது, அதனால் அழுத்தியே வாசித்தேன். இந்த வயதில் இதெல்லாம் நமக்கு வராது என்று ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து அழுதும் இருக்கிறேன்.

கடைசியில் திருப்பாதிரிப்புலியூரில் பேண்ட் செட் நடத்தும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவருக்கு ஜாஸில் ஈடுபாடு கிடையாது, ஆனால் கிளாரினெட்டும் சாக்ஸும் பிரித்து மாட்டத் தெரியும். நான் வாசித்ததைக் கேட்டதும் வாத்தியத்தை வாங்கினார். நகைக்கடையில் நகை மடித்துத் தருகிற ரோஸ் தாளிலிருந்து ஒரு கீற்று கிழித்தார். துளையை மூடும் தோல் மெத்தையான ஒவ்வொரு பேடுக்கும் அடியில் அதை வைத்து, சாவியை லேசாக மூடி, தாளை இழுத்துப் பார்த்தார். பேட் சரியாக உட்கார்ந்திருந்தால் தாள் பிடித்துக்கொண்டு வரும். ஓட்டை இருந்தால் வழுக்கி வந்துவிடும். மேல் பாகத்தில் ஒரு பேடின் ஒரு பக்கம் மட்டும் வழுக்கியது. "தம்பி, உங்க மூச்சுல ஒண்ணும் குறை இல்ல. இங்க காத்து போவுது. மேல ஒரு ஓட்ட இருந்தா அதுக்குக் கீழ இருக்கிற அத்தன ஸ்வரமும் பாதிக்கும்" என்றார். பேடின் அடியில் இருந்த அரக்கைச் சூடு காட்டி இளக்கி, பேடை நேராக உட்காரவைத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டது ₹300. அன்றைக்கே கீழ் சி வந்தது. பல மாதம் நான் சுமந்த குற்ற உணர்ச்சி அந்த ஒரு பேடின் ஓரத்தில் இருந்திருக்கிறது. சந்தோஷம் வந்ததா கோபம் வந்ததா என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆகவே வாத்தியம் வாங்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். அறையை இருட்டாக்கி, சின்ன எல்இடி சரம் ஒன்றைக் குழலுக்குள் இறக்கி, சாவிகளை மெல்ல மூடிப் பாருங்கள். பேட் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தால் அங்கே காற்றும் கசியும். விரலை இறுக்கி அழுத்தினால்தான் ஸ்வரம் வருகிறது என்றால் அது வாத்தியத்தின் நோய். விற்பவர் வாசித்துக் காட்டினால், கீழ் பி-ஃப்ளாட் வரை மெதுவாக, மென்மையாக இறங்கச் சொல்லிக் கேளுங்கள். பழகியவர்கள் ஓட்டை வாத்தியத்தையும் பலமாக ஊதிச் சமாளித்துவிடுவார்கள். மென்மையாக ஊதும்போதுதான் குட்டு வெளிப்படும். இன்னொன்று, சர்க்கரை போட்ட டீ, காபி குடித்த வாயோடு வாசிக்காதீர்கள். எச்சிலில் இருக்கிற சர்க்கரை பேடில் படிந்து ஜி-ஷார்ப் சாவி ஒட்டிக்கொள்ளும். கடல் காற்றின் ஈரத்தில் அது இன்னும் மோசமாகும்.

வாத்தியம் சரியானதும் புத்தகத்துக்கு வந்தேன். பார்க்கரின் தனி வாசிப்புகளை எழுதி எடுத்துத் தொகுத்த ஆம்னிபுக் 1978இல் வந்தது. உலகம் முழுக்க ஆல்ட்டோக்காரர்கள் கையில் இருப்பது அதுதான். வாத்தியத்தின் சுருதிக்கு ஏற்பத் தனித்தனிப் பதிப்புகள் உண்டு: சி, பி-ஃப்ளாட், இ-ஃப்ளாட். ஆல்ட்டோவுக்கு இ-ஃப்ளாட் வேண்டும், டெனருக்கு பி-ஃப்ளாட். நான் கேட்டது இ-ஃப்ளாட். ₹3,200 வாங்கிக்கொண்டு விற்பனையாளர் அனுப்பியது பி-ஃப்ளாட். பில்லில் இ-ஃப்ளாட் என்றே இருந்ததால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. தாளில் இருப்பதை அப்படியே வாசித்து, ரெக்கார்டையும் கூட ஓடவிட்டால் இரண்டும் சேரவில்லை. சேரவில்லை என்றாலும் முழு அபஸ்வரமாகவும் இல்லை, அதுதான் என்னைக் குழப்பியது. இப்போது யோசித்தால் காரணம் தெளிவு. எஃப் சுருதியில் இருக்கும் ஒரு ப்ளூஸ் (ஜாஸில் அடிக்கடி வரும் ஒரு பாட்டு வடிவம்), ஆல்ட்டோ தாளில் டி என்று எழுதப்படும், டெனர் தாளில் ஜி என்று எழுதப்படும். ஆல்ட்டோவில் அந்த ஜியை வாசித்தால் காதுக்கு பி-ஃப்ளாட் கேட்கும். அதாவது ரெக்கார்டு ஸட்ஜத்தில் நிற்க, நான் சுத்த மத்தியமத்தில் நின்று அதே பாட்டை வாசித்துக்கொண்டிருக்கிறேன். ச-ம உறவு இனிமையான உறவு ஆயிற்றே, காது உடனே முகம் சுளிக்காது. திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்று சொல்லி அவர்கள் மாற்றித் தரவில்லை. புத்தகம் வந்த அன்றே முதல் இரண்டு அளவை (தாளில் கோடு போட்டுப் பிரித்த ஒரு கட்டம்தான் அளவு, ஆங்கிலத்தில் பார்) ரெக்கார்டோடு ஒத்துப் பாருங்கள். ஆல்ட்டோவில் எழுதிய சியை வாசித்தால் ஒலிப்பது இ-ஃப்ளாட்; இதை ஒரு கீபோர்டு ஆப்பில் தட்டி உறுதி செய்துகொண்டால் மீதியெல்லாம் கணக்குதான்.

சரியான பதிப்பு வந்த பிறகும் சில பாட்டுகளில் அரைக்கால் சுருதி விலகல் இருந்தது. அதற்கும் என் உதட்டைத்தான் குறை சொன்னேன். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டுகள், அதிலும் மேடையில் யாரோ பதிவு செய்தவை, மறுபதிப்பாகும்போது வேகம் துளி மாறினாலும் சுருதி மாறிவிடும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அந்தப் பாட்டின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, உங்கள் சாக்ஸின் இயல்பான சுருதிக்கு ரெக்கார்டைக் கொண்டுவாருங்கள். சித்திரை வெயிலில் மின்விசிறி மட்டும் இருக்கிற அறையில் சாக்ஸ் தானாகவே சுருதி ஏறும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். மவுத்பீஸைக் கார்க்கில் சற்று வெளியே இழுத்தால் இறங்கும்.

இதற்கு நடுவில் ஆன்லைன் வகுப்பு. ஒரு ஆசிரியர், ஊர் பேர் எதுவும் சொல்லவில்லை, ₹24,000 முன்பணம் வாங்கிக்கொண்டார். முதல் சில வகுப்புகள் நன்றாகவே போயின. பிறகு தள்ளிப்போட்டார், பிறகு போனை எடுக்கவில்லை. சுமார் ₹18,000 போனது. வீட்டில் என் மனைவி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. யாரிடம் கற்றாலும் வகுப்புக்கு வகுப்பு பணம் கொடுங்கள். முதல் வகுப்பிலேயே, நீங்கள் கற்க விரும்பும் பாட்டை ரெக்கார்டோடு சேர்த்து அவரை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்காதீர்கள், நல்ல ஆசிரியர் சந்தோஷமாக வாசிப்பார். ஆன்லைனில் இருவரும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்கவே முடியாது, ஒலி தாமதமாக வரும். எனவே "கூட வாசித்துச் சொல்லித் தருவேன்" என்று விளம்பரம் செய்கிறவரிடம் எப்படி என்று கேட்டுவிடுங்கள். நீங்கள் வாசித்துப் பதிவு செய்து அனுப்ப, அவர் கேட்டுத் திருத்தி அனுப்புவதுதான் தூரத்தில் இருப்பவருக்குப் பயன்படும் முறை.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு மிக முக்கியம். தாளில் உள்ள ஸ்வரங்கள் எல்லாம் சரியாக வந்த பிறகும் என் வாசிப்பு பார்க்கர் மாதிரி இல்லை. போனில் பதிவு செய்து கேட்டால் கும்மிப் பாட்டு மாதிரி இருந்தது. காரணம் கண்டுபிடிக்க நாள் ஆனது. ஜாஸில் ஒரு அடிக்குள் வரும் இரண்டு ஸ்வரங்களும் தாளில் சமமாக எழுதப்பட்டிருக்கும், ஆனால் வாசிக்கும்போது முதலாவது நீளம், இரண்டாவது குட்டை. "திஸ்ர நடை மாதிரி வாசி" என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கும். வாய்ப்பாட்டு கற்ற எனக்கு திஸ்ரம் என்றால் திஸ்ரம், மூன்றில் இரண்டு பங்கு, ஒரு பங்கு, கறாராக. பார்க்கர் அப்படி வாசிக்கவில்லை. மெதுவான பாட்டில் திஸ்ரத்துக்குப் பக்கத்தில் வருவார், வேகம் ஏற ஏற இரண்டும் கிட்டத்தட்ட சமமாகிவிடும். அப்படியானால் அந்த ஆட்டம் எங்கிருந்து வருகிறது? நாக்கிலிருந்து. பெரும்பாலும் அடிக்கு நடுவில் வரும் ஸ்வரத்தை நாக்கால் தட்டி, அதையே அடியில் விழும் ஸ்வரத்தோடு இழைத்துவிடுகிறார். அழுத்தம் அடியில் விழாமல் நடுவில் விழுகிறது. சில ஸ்வரங்களைப் பாதி விழுங்குகிறார், இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. தாளில் எல்லா ஸ்வரமும் ஒரே அளவு கறுப்புப் பொட்டாகத்தானே இருக்கும்.

நமக்கு இதில் ஒரு பழக்கம் குறுக்கே நிற்கிறது, ஒரு பழக்கம் கை கொடுக்கிறது. குறுக்கே நிற்பது சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் அடியில், அழுத்தம் கொடுக்கிற பழக்கம். ஜாஸில் நான்கு அடியில் இரண்டாவதும் நான்காவதும்தான் ட்ரம்ஸில் ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டு அடிக்கிற இடம். சீராக அடி தட்டும் மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் வைத்து, அது அடிப்பதை இரண்டு, நான்கு என்று எண்ணிப் பழகுங்கள். ஆரம்பத்தில் தலை சுற்றும், கொஞ்ச நாளில் அதுவே இயல்பாகிவிடும். கை கொடுப்பது எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம். அனாகத எடுப்பில் கீர்த்தனை பாடிப் பழகியவருக்கு, பார்க்கரின் வாக்கியங்கள் அடி விழுந்த பிறகு எங்கோ நடுவில் கிளம்புவது புரியாத புதிராக இருக்காது. கையில் தாளம் போட்டுக்கொண்டு, 12 அளவு ப்ளூஸை 48 அடி கொண்ட ஒரு ஆவர்த்தனமாக வைத்து, அதற்குள் ஒவ்வொரு வாக்கியமும் எங்கே எடுக்கிறது, எங்கே முடிகிறது என்று குறித்துப் பாருங்கள். இதைச் செய்தபோதுதான், அவர் வாசிக்காமல் விட்ட இடங்கள் எவ்வளவு என்று எனக்குத் தெரிந்தது.

வாத்தியத்தைத் தொடாமல் முதலில் வாயால் பாடுங்கள். ஸ்வரம் சொல்லிப் பாட வேண்டாம், விழுங்குவதும் தட்டுவதும் உட்பட அவர் ஊதுவது போலவே ஏதோ ஒரு அசையில் பாடுங்கள். யூடியூபிலேயே வேகத்தைப் பாதியாக, முக்காலாகக் குறைக்கலாம், சுருதி மாறாது. பாட வராத வாக்கியம் விரலில் வந்தாலும் அது ஒட்டாது, இதை நான் திரும்பத் திரும்பக் கண்டேன். பாடிய பிறகு வாத்தியத்தில் தேடிக் கண்டுபிடியுங்கள். புத்தகம் கடைசியில், சரிபார்க்க. புத்தகத்திலும் ரெக்கார்டிலும் வேறுபாடு வந்தால் ரெக்கார்டுதான் சரி.

அடுத்தது கார்டு. நம் இசையில் தம்புரா ஒரே இடத்தில் நிற்கும். இங்கே அடியில் இருக்கும் ஸ்வரக் கூட்டு சில அடிகளுக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருக்கும். மேலே வாசிக்கும் ஒரு ஸ்வரம் ஏன் இனிக்கிறது, ஏன் உறுத்துகிறது என்பது அந்தக் கணத்தில் அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இது புரியாமல் தாளை மனப்பாடம் செய்தால் அர்த்தம் தெரியாமல் ஸ்லோகம் ஒப்பிக்கிற நிலைதான். ஆனால் இதைக் காதால் பிடிக்க நமக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. எஃப் ப்ளூஸை எடுத்துக்கொள்ளுங்கள், எஃப்தான் ஸட்ஜம். முதல் கார்டு ச, அந்தர காந்தாரம், ப, கைசிகி நிஷாதம். ஐந்தாவது அளவில் பி-ஃப்ளாட் கார்டு வருகிறது: ம, சதுச்ருதி தைவதம், ச, சாதாரண காந்தாரம். கவனியுங்கள், அந்தர காந்தாரம் அரை ஸ்வரம் இறங்கி சாதாரண காந்தாரம் ஆகிறது. கைசிகி நிஷாதம் அரை ஸ்வரம் இறங்கி தைவதம் ஆகிறது. கதவு திறக்கிற இடம் இதுதான். நான் போனில் அந்த ஸ்வரக் கூட்டுகளை ஓடவிட்டு, க, நி இரண்டை மட்டும் நீட்டிப் பாடி, ஐந்தாவது அளவில் இரண்டையும் இறக்கிப் பாடினேன். அதன் பிறகு ரெக்கார்டைக் கேட்டால், பார்க்கர் ஐந்தாவது அளவுக்கு வரும்போது அந்த இறங்கிய காந்தாரத்தைத் தொடுவது காதில் பளிச்சென்று விழுகிறது. சில சமயம் நேராகத் தொட மாட்டார், மேலே அரை ஸ்வரம், கீழே அரை ஸ்வரம் என்று இரண்டு பக்கமும் வளைத்துவிட்டுத்தான் அதில் வந்து உட்காருவார். அவசர அவசரமாகக் கொட்டுவது போலக் கேட்ட ஸ்வரங்களுக்கு ஒரு காரணம் கிடைத்த அந்த மாலையை நான் மறக்க மாட்டேன். இரண்டு காந்தாரத்துக்கும் வித்தியாசம் தெரிந்த காது உங்களுக்கு இருந்தால், மேற்கத்திய இசைக் கோட்பாடு தெரியாது என்று பயப்படவே வேண்டாம்.

வேகத்தைப் பற்றி. மெதுவாக ஆரம்பித்து மெட்ரோனோமைத் துளித் துளியாக ஏற்று என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒரு எல்லை வரை சரி. அதற்கு மேல் என் விரல்கள் மெதுவான வேகத்தின் அசைவைத்தான் கற்றுக்கொண்டன, உயரத் தூக்கி அடிக்கிற அசைவு. பார்க்கரின் வேகத்துக்கு அது ஆகாது. எனக்கு உதவியது வேறு முறை. நான்கே நான்கு ஸ்வரங்களை முழு வேகத்தில் வாசித்து நிறுத்துவது. அது தளர்வாக வந்ததும் அடுத்த இரண்டைச் சேர்ப்பது. பார்க்கர் 1954இல் இன்னொரு சாக்ஸ் கலைஞரான பால் டெஸ்மண்டுக்குக் கொடுத்த வானொலிப் பேட்டியில், மூன்று நான்கு வருடம் தினமும் 11 முதல் 15 மணி நேரம் பழகியதாகச் சொல்லியிருக்கிறார். இந்தக் கணக்கைச் சொல்லி உங்களைக் கலங்கவைக்க நிறையப் பேர் வருவார்கள். வேலைக்குப் போய்விட்டு வருகிற நமக்கு அது இல்லை, இல்லாமலும் கற்க முடியும்.

கை வலியை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். ஓட்டை வாத்தியத்தை அழுத்தி வாசித்த பழக்கம் என் வலது கட்டைவிரலிலும் மணிக்கட்டிலும் தங்கிவிட்டது. ஒரு கட்டத்தில் பைக் ஆக்ஸிலேட்டரைத் திருக முடியவில்லை. பிசியோதெரபிக்கு ₹4,000, அதோடு சில வாரம் வாத்தியத்தைத் தொடக்கூடாது என்றார்கள். சாக்ஸின் எடையைக் கழுத்து வார் தாங்க வேண்டும், கட்டைவிரல் தாங்கக் கூடாது. வாரின் உயரத்தைச் சரிசெய்து, தலை குனியாமல் மவுத்பீஸ் தானாக வாய்க்கு வருகிற மாதிரி வையுங்கள். கட்டைவிரல் கொக்கியின் இடத்தைத் திருகைத் தளர்த்தி மாற்றிக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியாது. வாசிக்க முடியாத அந்த வாரங்களில் பாடிப் பழகினேன், அதுதான் பிறகு பெரிய உதவி.

சத்தம் ஒரு தனிப் பிரச்சினை. மாடியில் ஓனரின் அம்மா, வயதானவர். ட்ரம்பெட்டுக்கு மியூட் போடலாம், சாக்ஸுக்குப் போட முடியாது. ஒலி வாய்ப்பக்கத்திலிருந்து மட்டும் வருவதில்லை, திறந்திருக்கிற எல்லாத் துளையிலிருந்தும் வருகிறது. துணியைத் திணித்தால் கீழ் ஸ்வரங்கள்தான் கெடும். துணிகள் நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதைப் பார்த்து வாசித்தால் சத்தம் கணிசமாக அடங்குகிறது. கடற்கரையில் போய் வாசிக்கலாமே என்று சொல்வார்கள். தேவனாம்பட்டினத்தில் ஒரு முறை போய் வாசித்தேன். உப்புக் காற்றும் மணலும் வாத்தியத்தின் ஸ்பிரிங்குகளுக்கு எமன். நேரத்தைப் பேசி முடிவு செய்வதுதான் வழி. "சாயங்காலம் ஏழு மணிக்குள்ள முடிச்சிக்கப்பா, எனக்கும் பொழுது போவும்" என்று அந்த அம்மா சொன்னார்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். தூக்கத்திலிருந்து எழுந்து பத்திரங்களையும் ஃப்ரிட்ஜையும் பார்க்கிற அவசரத்தில், கட்டிலுக்கு அடியில் பெட்டியோடு இருந்த சாக்ஸ் நனைந்துவிட்டது. உலோகத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. பேடுக்குள் இருக்கும் ஃபெல்ட் ஊறி உப்பி, மேல்தோல் காய்ந்து விறைத்துப்போனது. சென்னைக்கு எடுத்துப்போய் எல்லாப் பேடும் மாற்றினேன், ₹11,500. மழைக்காலத்தில் வாத்தியத்தைப் பரணில் வையுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பெட்டிக்குள் போடுங்கள், வாசித்து முடித்ததும் உள்ளே துணி இழுத்துத் துடைத்து, சற்று நேரம் திறந்துவைத்துவிட்டுப் பெட்டியை மூடுங்கள். நனைந்துவிட்டால் ஹேர் ட்ரையர் காட்டாதீர்கள், பேடைப் பிடித்திருக்கிற அரக்கு இளகிவிடும். நிழலில் தானாகக் காயட்டும்.

எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால், பார்க்கரின் வேகமான 'கோ-கோ'வில் இல்லை. அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 அடி. 1945 நவம்பர் 26 அன்று அதே அமர்வில் பதிவானது 'நவ்ஸ் த டைம்', எஃப் ப்ளூஸ், நடந்து போகிற வேகம். அதிலும் முதலில் பார்க்கரை எடுக்காமல், கூட ட்ரம்பெட் வாசித்த 19 வயது மைல்ஸ் டேவிஸின் பகுதியை எடுங்கள். ஸ்வரங்கள் குறைவு, இடைவெளி அதிகம், பாடுவதற்கு வாகு. அது உடம்பில் இறங்கியதும் அதே பாட்டில் பார்க்கரின் முதல் 12 அளவு. முழுதாக மனப்பாடம் செய்ய அவசரப்பட வேண்டாம். பிடித்த ஒரு வாக்கியத்தை எடுத்து, வேறு சுருதிகளில் வாசித்துப் பழகுவதில் வருகிற பலன், இன்னும் மூன்று பக்கம் ஒப்பிப்பதில் வராது. நான் இப்போது பார்க்கரின் 'பில்லீஸ் பவுன்ஸ்' பாட்டின் நடுவில் இருக்கிறேன்.

கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, எதற்கு முதலில் செலவழிக்கலாம் என்று யோசிக்கிறவருக்கு என் வரிசை இது. முதலில் வாத்தியத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் ஒரு முறை காட்டுங்கள், உள்ளூர் பேண்ட் செட்டில் விசாரித்தால் ஆள் கிடைப்பார். அடுத்து நல்ல கழுத்து வார், ஒரு பெட்டி ரீட். ஆரம்பத்துக்கு இரண்டரை எண் போதும், ஈரம் அதிகமான நம் ஊரில் மூன்று நான்கு ரீட்களை மாற்றி மாற்றி வாசித்தால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்காது. காதை அடைத்துக்கொள்ளும் நல்ல ஹெட்போன் ஒன்று, விழுங்கிய ஸ்வரங்கள் போன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது. இவ்வளவும் ஆன பிறகு புத்தகம், இ-ஃப்ளாட்தானா என்று அட்டையைத் திறந்து பார்த்துவிட்டு.